உதாரணம் நிற்கும் இடம்

சார்,

இன்று காலை கூரியரில் உங்கள் புத்தகத்தின் மெய்ப்பு வந்தது. உறையைப் பிரித்ததும் அச்சு மை வாசனை கூடம் முழுக்கப் பரவியது. வெப்பத்தைப் பற்றி நீங்கள் எழுதிய அந்தச் சிறிய புத்தகம்தான், மறுபதிப்பு. பின்னட்டையில் உங்கள் படம். அதன் கீழே பதிப்பகத்தார் ஒரு வரி சேர்த்திருக்கிறார்கள்: 'ஆற்றல் அழிவதில்லை. இவரும் அழியவில்லை, நம்மோடுதான் இருக்கிறார்.' அந்த வரி இருக்கட்டுமா, எடுத்துவிடலாமா என்று மாலைக்குள் நான் சொல்ல வேண்டும். உங்கள் மனைவி அந்தப் பொறுப்பை என்னிடம் விட்டுவிட்டார்.

நீங்கள் இருந்திருந்தால் யோசித்திருக்கவே மாட்டீர்கள். எனக்கு எடுக்க மனம் வரவில்லை.

தொண்ணூறுகளின் நடுவில் நான் புதுப்பட்டினத்துக்குத் தமிழாசிரியையாக வந்தேன். நீங்கள் கல்பாக்கத்தில் இயற்பியல் ஆராய்ச்சியில் இருந்தீர்கள். நாலு வீடு தள்ளிக் குடியிருந்தீர்கள். ஒருநாள் கையெழுத்துப் பிரதியோடு வந்து நின்றீர்கள். "இயற்பியல் சுத்தமாத் தெரியாத ஆள் ஒருத்தர் வேணும் டீச்சர்." அந்தத் தகுதி எனக்கு நிறையவே உண்டு என்றேன். அதிலிருந்து சனிக்கிழமை மாலைகளில் சதுரங்கப்பட்டினம் கோட்டைச் சுவரோரம் நீங்கள் படிப்பீர்கள், நான் கேட்பேன். உங்கள் மனைவி கடலையைக் கொறித்துக்கொண்டு, "ரெண்டு பேருக்கும் வேற வேலை இல்ல" என்பார்.

ஒரு வரி படித்ததும் நிமிர்ந்து என் முகத்தைப் பார்ப்பீர்கள். நான் சட்டென்று தலையாட்டினால் சந்தேகம் வந்துவிடும். "இது மரியாதைக்கு ஆட்டின தலை" என்று சொல்லி அந்த வரியை அடித்துவிடுவீர்கள். நான் தலையாட்டாமல் ரசித்த ஒரே வரி, 'இந்த உலகில் எதுவும் அழிவதில்லை; வேறொன்றாக மாறுகிறது' என்பது. அதை நாம் இருவருமே கொண்டாடினோம்.

புத்தகம் வந்ததும் ஒரு பிரதியை என் மாணவி ஒருத்திக்குக் கொடுத்தேன். அவள் அம்மா கன்னியம்மா, புதுப்பட்டினம் மார்க்கெட்டில் மீன் விற்பவர். மகள் அதை அம்மாவுக்கு வாசித்துக் காட்டியிருக்கிறாள். அதற்கு முந்தைய வருடம் கன்னியம்மாவின் கணவர் கடலுக்குப் போனவர் திரும்பவில்லை. உடலும் கரை சேரவில்லை. நாம் மீன் வாங்கப் போன ஞாயிற்றுக்கிழமை, சங்கரா மீனை அலசிக்கொண்டே அவர் கேட்டார்.

"இன்னா சார், எதுவும் அழியாதுன்னு எய்திகீறியாமே? அப்ப எங்க வூட்டுக்காரரும் எங்கியோ கீறாருதானே?"

நீங்கள் பையைச் சுருட்டிக்கொண்டு மீன் வாங்காமலே திரும்பிவிட்டீர்கள். வரும் வழியில் நான்தான் சொன்னேன்: "ஆமாம்னு சொல்லியிருக்கலாமே சார். என்ன குறைஞ்சிடும்?"

"அவங்க நாளைக்கு எங்கன்னு கேப்பாங்களே டீச்சர். எங்கன்னு சொல்றது?"

அந்த வாரம் முழுக்க உங்கள் வீட்டில் கத்தரிக்காய். மீன் இல்லாமல் சாப்பிடத் தெரியாத மனிதர் நீங்கள். அடுத்த ஞாயிறு ஏதோ தீர்மானத்தோடு கிளம்பினீர்கள், நானும் வந்தேன். கன்னியம்மாவின் மீன் பெட்டியில் இருந்த ஐஸைக் காட்டி ஆரம்பித்தீர்கள். "இது உருகினா தண்ணி ஒரு சொட்டுக் குறையாதும்மா. ஆனா அந்த ஐஸ் பார் எங்க?"

கன்னியம்மா கத்தியைக் கீழே வைத்தார். "எம்புருசன் இன்னா, ஐஸ் பாரா?"

பக்கத்துக் கடைக்காரி வாய்விட்டுச் சிரித்தார். "பட்சவங்க சாவு சேதி சொல்ற அயக பாரு கன்னிமா."

உங்கள் முகம் சிவந்துவிட்டது. உதாரணத்தை விட்டுவிட்டீர்கள். கடைக்கு முன்னால் குத்துக்காலிட்டு உட்கார்ந்து, மெல்லச் சொன்னீர்கள்: "நான் எழுதினது சூட்டைப் பத்திம்மா. ஆளைப் பத்தி இல்ல. அவர் இல்லம்மா."

கன்னியம்மா கத்தியை எடுத்து ஒரு மீனின் செதிலைச் சுரண்டத் தொடங்கினார். சுரண்டி முடித்த பிறகு, "போ சார், யாவாரம் கெடுது" என்றார்.

அதற்குப் பிறகு உங்களுக்கு அந்தக் கடையில் மீன் கிடையாது. கூடையில் மீன் துள்ளும். கன்னியம்மா "இல்ல" என்பார். வேறு கடைக்குப் போகலாம் என்று சொன்னேன். நீங்கள் போகவில்லை. ஒவ்வொரு ஞாயிறும் போய் நின்றீர்கள், வெறும் பையோடு திரும்பினீர்கள். மழைக்காலம் வந்து போனது. ஒரு ஞாயிறு அவரே கூப்பிட்டார்.

"வா சார். வஞ்சரம் கீது." வெட்டிக்கொண்டே, நம்மைப் பார்க்காமல் சொன்னார்: "அல்லாரும் வருவாரு, வருவாருன்னு சொல்லிட்டுப் பூட்டாங்க. நான் மட்டும் கரைய பாத்துக்கினு குந்தினு இருந்தேன். நீ ஒருத்தன் இல்லன்னு சொன்ன. உம்மேல அம்மாங் கோவம். ஆனா அன்னிக்குத்தான் தூங்கனேன்." பிறகு நிமிர்ந்து பார்த்தார். "வெலய கேளு. அதுல மட்டும் நான் நெசம் சொல்லமாட்டேன்."

அடுத்த பதிப்பில், 'எதுவும் அழிவதில்லை' என்ற வரி வரும் அத்தியாயத்தின் முடிவில் ஒரு பத்தி சேர்த்தீர்கள்: இந்த உதாரணம் இதுவரைதான் வரும், இதற்கு மேல் இழுத்தால் பொய்யாகிவிடும் என்று. பிறகு எழுதிய புத்தகங்களிலும் அத்தியாயந்தோறும் அப்படி ஒரு பத்தி. சுவாரசியம் கெடுகிறது என்று பதிப்பகத்தார் முனகினார்கள். என் வகுப்பில் நானும் அதைச் செய்யத் தொடங்கினேன். தாமரை போன்ற பாதம் என்று பாட்டில் வந்தால், எதுவரைக்கும் தாமரை என்று கேட்பேன். "சேத்துல நிக்கிற வரைக்கும் டீச்சர்" என்று ஒருத்தி சொல்ல, வகுப்பே சிரித்தது. உங்களிடம் சொன்னபோது, அந்தப் பெண்ணை இயற்பியலுக்கு அனுப்புங்கள் என்றீர்கள்.

நீங்கள் போன பிறகு துக்கம் கேட்க வந்தவர்கள் எல்லோரும், சார் எங்கும் போகவில்லை என்றார்கள். கேட்க இதமாக இருந்தது. அந்த இதத்தில் சனிக்கிழமை மாலைகளில் கோட்டைப் பக்கம் போய் உட்காரப் பழகிவிட்டேன். பஸ் நிறுத்தப் பக்கமிருந்து யாராவது கையில் காகிதத்தோடு வந்தால் மனம் ஒரு கணம் எழுந்து நிற்கும். யாரோ ஒருவர், மளிகைச் சீட்டோடு. கன்னியம்மா கரையைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தது எப்படி இருந்திருக்கும் என்று எனக்கு இப்போது தெரிகிறது, சார்.

மத்தியானம் பதிப்பகத்துக்குப் போன் செய்தேன். "பின்னட்டை வரியை எடுத்துடுங்க தம்பி."

"ஏன் மேடம்? உருக்கமா இருக்கே."

"உருக்கமாத்தான் இருக்கு. ஆனா அவர் இல்லியே."

"வேற என்ன போடட்டும்?"

"எங்க பிறந்தார், எங்க வேலை பார்த்தார், என்னென்ன எழுதினார்னு போடுங்க. போதும்."

மாலையில் கோட்டைக்குப் போனேன். இன்று சனிக்கிழமை இல்லை; யாரையும் எதிர்பார்த்துப் போகவில்லை. உங்களிடமிருந்து நான் எடுத்துக்கொண்டது இயற்பியல் இல்லை. அது அன்றும் புரியவில்லை, இன்றும் புரியவில்லை. இல்லாததை இல்லை என்று சொல்வது, சொன்ன பிறகு அந்த ஆளைத் தனியே விட்டுவிடாமல் பக்கத்திலேயே நிற்பது, அதைத்தான் வைத்திருக்கிறேன். இன்று அந்த ஆள் நானேதான். நீங்கள் இல்லை என்று ஒருமுறை வாய்விட்டுச் சொன்னேன். காற்று பலமாக இருந்தது. சொல்லிவிட்டு எழுந்து போகவில்லை. வெளிச்சம் இருந்தவரை அங்கேயே உட்கார்ந்திருந்தேன்.