துருவேறிய பிரேக் பின்

1961, ஆடி, வெள்ளி.

செங்கோட்டை மலைப்பாதை இறக்கத்தில் இன்று பிரேக்கை மிதித்தேன். காலை எடுத்த பிறகும் இடது முன்சக்கரத்தை பிரேக் விடவில்லை. சக்கரம் புகைந்தது, லோடு லாரி பள்ளத்துப் பக்கம் இழுத்தது. மரம் ஒன்று தடுத்ததால் பிழைத்தேன்.

சாரல் தொடங்கியதுமே பிரேக் ஷூ பின்களைக் கழற்றி, துரு சுரண்டி, கிரீஸ் வைக்கச் சொல்லி மேலகரம் பட்டறையில் விட்டிருந்தேன். பட்டறைக்கார முருகையா என் மனைவியின் தம்பி; எல்லாம் முடித்துவிட்டதாகச் சொல்லித்தான் வண்டியைத் தந்தான். சூடு ஆறியதும் வண்டியை மெதுவாக ஓட்டி அங்கேயே போனேன். அவன் கண் முன்னால் சக்கரத்தைக் கழற்றினேன். ஷூவைத் திரும்ப விடாமல் அந்தப் பின் துருவேறி இறுகிக் கிடந்தது. கிரீஸ் தடம்கூட இல்லை.

"இதக் கழட்டுனியாலே?"

"சாரல்ல துரு ஏறத்தான் செய்யும் அத்தான். இதுக்குப் போயி சத்தம் போடுதிய?" என்று சிரித்தான்.

அந்தச் சிரிப்பைத்தான் தாங்க முடியவில்லை. ஸ்பானரை ஓங்கிவிட்டேன். பட்டறை ஆட்கள் பிடித்துக்கொண்டார்கள்.

வீட்டில் மனைவியிடம் சொன்னேன்: "ஆய்க்குடி கோயில்ல பிள்ளைக்குக் காது குத்தும்போது உன் தம்பி மடி வேண்டாம்."

"தாய்மாமன் இருக்கையில வேற மடியா? ஊரு என்ன சொல்லும்?" என்று அழுதாள்.

"இன்னைக்கு நீ தாலியறுத்து நின்னிருந்தா ஊரு என்ன சொல்லியிருக்கும்?"

அவள் சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்துவிட்டாள். என் கோபம் ஆறவில்லை. ஆறவும் வேண்டாம்.