கூலர் மேலிருந்த இரண்டு விண்ணப்பங்கள்

முனிர்கா, காலை 11 மணி

என்னங்க,

குக்கரில் சாம்பார் சாதம் இருக்கிறது, வந்ததும் சாப்பிட்டுவிடுங்கள்.

“போன வாரமே போஸ்ட் பண்ணியாச்சும்மா” என்று நீங்கள் சொன்ன என் லெக்சரர் விண்ணப்பம், உங்களுடையதோடு சேர்ந்து கூலர் மேலேயே கிடந்தது. ஏன் என்று கேட்கவில்லை. வரலாற்றுத் துறையில் காலியிடம் ஒன்றுதான் என்பது எனக்கும் தெரியும்.

இன்றுதான் கடைசி நாள். இரண்டையும் யுனிவர்சிட்டி கவுண்டரில் நேரில் கொடுக்க எடுத்துப் போகிறேன்.

ஜெசிந்தா

பி.கு.: சிலிண்டர்காரர் வருவார். நீங்கள் வெளியே கிளம்பினால் சாவியை மாடி வீட்டு ஆன்ட்டியிடம் கொடுங்கள்.

இப்போதுதான் பார்த்தேன், உங்கள் ஃபாரத்தில் கையெழுத்தே இல்லை. நாலரை மணி வரை கவுண்டர் வாசலில் பேனாவோடு நிற்பேன். அதற்குப் பிறகு என்னுடையதை மட்டும் கொடுத்துவிடுவேன்.