பக்கத்து வீட்டு நெய்ச்சோறு

24.02.2025

இன்றும் ஒரு கேக் பாழ். பட்டருக்குப் பதிலாக எண்ணெயும் தயிரும், சீனியைக் குறைத்து வாழைப்பழம். நடுப்பகுதி களியாகிவிட்டது. என் மனுசன் ஒரு துண்டை எடுத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "ஹிதாயா, இது கேக்கா, பத்தியமா?"

பத்தியந்தான் மனுசா. கார்த்திகையில் யாழ்ப்பாணத்தில் உங்கள் நெஞ்சு அடைப்புக்குக் குழாய் வைத்தது அதற்குள் மறந்துபோச்சா?

முதலில் மாஜரின்தான் போட்டேன். மரக்கறி எண்ணெயில் செய்வதுதானே, நல்லது என்று நினைத்தேன். கிளினிக்கில் நர்ஸ் மிஸ்ஸி தலையில் கைவைத்தாள். "கட்டி மாஜரினும் கூடாது அன்ரி." பிறகுதான் இந்த எண்ணெய்க் கூத்து.

பெருநாளுக்குப் பட்டர் கேக் ஓடர் வரத் தொடங்கிவிட்டது. ஊருக்கெல்லாம் பட்டர், கட்டினவருக்கு வாழைப்பழம். இது என்ன நியாயம்?

02.03.2025

முதல் நோன்பு. அசர் தொழுகைக்குப் பிறகு பக்கத்து வீட்டு றினோஸா ஒரு பீங்கான் நிறைய நெய்ச்சோறு அனுப்பினாள். அடம்பன் ஊர் நெய். மூடியிருந்த துணியை எடுக்க முன்னரே வீடு மணத்தது.

நோன்பு காலத்தில் வரும் பீங்கானை வேண்டாம் என்று திருப்பி அனுப்புவது எங்கள் தெருவில் இல்லை. வெறும் பீங்கானாகத் திருப்பிக் கொடுப்பதும் இல்லை. நான் கடலை அவித்துப் போட்டு அனுப்பினேன். அவரோ நோன்பு திறந்ததும் கஞ்சியைத் தள்ளிவைத்துவிட்டுச் சோறு முழுவதையும் சாப்பிட்டார். பயத்தோடு பார்த்துக்கொண்டிருந்தேன்.

03.03.2025

"றினோஸாட்ட உங்கட நெஞ்சு வருத்தத்தைச் சொல்லட்டா?" என்று கேட்டேன்.

"உனக்கென்ன விசரா? அவட கூடப்பிறந்த நானாட மகனுக்குத்தானே எங்கட இர்ஷானாவைக் கேக்கினம். நெஞ்சு வருத்தக்காரன்ட பிள்ளை எண்டு தெரிஞ்சால் சிலாவத்துறையில இருந்து மாப்பிள்ளை வீட்டார் ஒருத்தரும் இந்தப் பக்கம் வரமாட்டினம்."

மகள் அடுத்த அறையில்தான் இருந்தாள். கேட்டிருக்கும்.

சரி, சொல்லவில்லை. யாராவது வந்தால் குளிசையைக்கூட அறைக்குள் போய்த்தான் விழுங்குகிறார். ஆனால் வாப்பா மௌத்தாகிப் போனால் மட்டும் பிள்ளைக்கு நல்லதா? இதை அவரிடம் கேட்க எனக்கு வாய் வரவில்லை.

07.03.2025

ஒரு வழி கண்டுபிடித்திருக்கிறேன். பீங்கான் வந்ததும் அரிசி வாளிக்குப் பின்னால் ஒளித்துவிடுகிறேன். நோன்பு திறந்த கையோடு அவர் மஃரிபு தொழப் பள்ளிக்குப் போவார். திரும்பி வருவதற்குள் பீங்கான் காலியாக வேண்டும்.

இர்ஷானா நெய்யைத் தொடமாட்டாள், முகத்தில் பரு வருமாம். வேறு யாருக்கும் கொடுத்தால் மறுநாளே றினோஸாவின் காதுக்குப் போய்விடும். நோன்புச் சோற்றை ஆட்டுக்குப் போட மனம் கேட்கவில்லை. நானே குசினியில் நின்றபடி அள்ளி அள்ளிச் சாப்பிட்டேன்.

"இண்டைக்கு றினோஸா ஒண்டும் அனுப்பேல்லையா?"

"இல்ல."

நோன்பு மாதத்தில் பொய். அல்லாஹ் மன்னிக்கட்டும்.

12.03.2025

ருசியாகத்தான் இருக்கிறது. அதுதான் வெட்கக்கேடு.

16.03.2025

றினோஸா வேலிக்கு மேலால் எட்டிப் பார்த்தாள். "பீங்கான் துடைச்ச மாதிரி வருது மச்சி! நல்லா இருக்கோ?"

"நல்லா இருக்கு மச்சி" என்றேன். வேறு என்ன சொல்வது?

பின்னேரம் இரண்டு பீங்கான் வந்தது. ஒன்றில் நெய்ச்சோறு, மற்றதில் பட்டர் கேக். என் வாயாலேயே நான் கெட்டேன்.

20.03.2025

ஓடர் கேக்குக்குப் பட்டரும் சீனியும் அடித்துக்கொண்டிருந்தேன். அவர் குசினி வாசலில் வந்து நின்றார். "மணம் பிடிக்கவும் டொக்டர் தடை போட்டவரோ?" என்று கேட்டுச் சிரித்தார். எனக்கு அழுகை வந்துவிட்டது. இவருடைய உயிரைப் பிடித்து வைக்கிறேனா, இருக்கிற சந்தோஷத்தையும் பறிக்கிறேனா? தெரியவில்லை.

வலது விலாவுக்குக் கீழே அடிக்கடி பிடிக்கிறது. வாய்வாக இருக்கும்.

23.03.2025

வலி. எழுத ஏலாது.

25.03.2025

ஆஸ்பத்திரியிலிருந்து வந்தாச்சு. எனக்கும் நெஞ்சு வருத்தம் என்றுதான் எல்லோரும் பயந்தார்கள். ஸ்கானில் பார்த்தால் பித்தப்பையில் கல். முன்பே இருந்திருக்கும், கொழுப்புச் சாப்பாடு கிளப்பிவிட்டது என்றார் டொக்டர். என்ன சாப்பிட்டீர்கள் என்று என்னிடம்தான் கேட்டார். இவர் முந்திக்கொண்டார்.

"எங்கட வீட்டில நெய்யே இல்லை டொக்டர். இவ விடமாட்டா."

எங்கிருந்து அந்தக் கோபம் வந்ததோ! "உங்கட பங்கைத்தான் திண்டனான்! ஒவ்வொரு நாளும், நீங்கள் பள்ளியால வாறதுக்குள்ள! சொல்லக்கூடாது எண்டனீங்கள், வேற என்ன செய்ய?"

வார்டு முழுவதும் திரும்பிப் பார்த்தது. அவர் தலையைக் குனிந்துகொண்டார்.

இனி எனக்கும் நெய் இல்லை, பட்டர் இல்லை. ஒப்பரேஷனுக்குத் திகதி தருவார்களாம்.

27.03.2025

பின்னேரம் பீங்கான் வந்தது. அவர் துணியைக்கூட எடுக்காமல் அதைத் தூக்கிக்கொண்டு வேலியடிக்குப் போனார். படுத்திருந்த எனக்கு அவர் சொன்னதெல்லாம் கேட்டது.

"றினோஸா, குறை நினைக்காதீங்கோ. எனக்கு நெஞ்சுக்குள்ள குழாய் வச்சிருக்கு. நெய் ஏலாது. நான் அதை மறைச்சதால இவ என்ர பங்கையும் திண்டு ஆஸ்பத்திரியில கிடந்தவ. உங்கட நானாட்டயும் சொல்லுங்கோ. பிறகு அவையின்ர விருப்பம்."

றினோஸா என்ன சொன்னாள் என்று காதில் விழவில்லை. மனுசன் தெரு முழுக்கக் கேட்கத்தான் கத்தினார், என்னையும் தின்னி ஆக்கிவிட்டார். கோபம் வந்தது. போர்வைக்குள் முகத்தை மூடிக்கொண்டு அழுதேன், அது கோபத்தால் அல்ல.

இர்ஷானா வந்து கால்மாட்டில் இருந்தாள். "சம்பந்தம் போனால் போகட்டும் உம்மா." அவளுக்கு அந்தப் பெடியனைப் பிடித்திருக்கிறது என்று எனக்குத் தெரியும்.

31.03.2025

பெருநாள். சிலாவத்துறையிலிருந்து போன் வரவில்லை. மகள் போனைக் கையிலேயே வைத்துக்கொண்டு திரிந்தாள்.

காலையில் றினோஸாவும் புருஷனும் வந்தார்கள். சம்பந்தப் பேச்சை அவர்களும் எடுக்கவில்லை, நாங்களும் எடுக்கவில்லை. பள்ளியால் வந்த இன்னும் நாலைந்து பேர் முன்கூடத்தில் இருந்தார்கள். எல்லோருக்கும் நடுவில் கதிரையில் இருந்தபடி அவர் குசினிப் பக்கம் பார்த்து உரக்கக் கேட்டார்:

"ஹிதாயா, என்ர நெஞ்சுக் குளிசையைக் கொண்டு வா."

தண்ணீரோடு கொண்டுபோய்க் கொடுத்தேன்.