கண்டுபிடித்தது நான், பெயர் உனக்கு

இன்று காலை ஒரு காரில் ஏறிப் பிரேக்கை மிதித்தேன். கால் பஞ்சுக்குள் போவதுபோல் இறங்கியது. உடனே நீ நினைவுக்கு வந்துவிட்டாய். உண்மையில் அதற்குக் கொஞ்சம் முன்பே வந்துவிட்டாய். வண்டியைக் கொண்டுவந்த டீச்சரம்மா என்னைத் தாண்டி உள்ளே எட்டிப் பார்த்து, "ஏனுங்க, அவரு இல்லீங்களா?" என்று கேட்டார்.

மாரடைப்பில் நீ போய்விட்டதைச் சொன்னேன். அந்த அம்மா பட்டறை நடுவில் நின்றபடியே அழுதார். எப்போதாவது சர்வீசுக்கு வருகிறவர், உனக்கு உறவுமில்லை. எனக்கு முதலில் வந்தது துக்கம் இல்லை, எரிச்சல். போனது நானாக இருந்தால் இவர் இப்படி அழுவாரா என்றுதான் மனம் கேட்டது. போன பிறகும் உன்மேல் எனக்குப் பொறாமைதான்.

சரவணம்பட்டியில் நாம் இருவரும் சேர்ந்து பட்டறை போட்ட நாளிலிருந்தே அப்படித்தான். இரண்டு பேருக்கும் ஒரே வயது, ஒரே வேலை. ஆனால் வருகிறவர்கள் உன்னைத்தான் தேடினார்கள். யார் பிள்ளை எந்தக் காலேஜில் படிக்கிறது, யார் அப்பாவுக்குக் கண் ஆபரேஷன், எல்லாம் உனக்குத் தெரியும். எனக்கு அவர்களுடைய வண்டி மட்டும்தான் தெரியும்.

காங்கேயத்து எண்ணெய் மில்காரர் வந்தாரே, அந்த நாளை நான் மறக்கவில்லை. மறுநாள் காலையில் மகளையும் பச்சைக் குழந்தையையும் கோத்தகிரியில் மாப்பிள்ளை வீட்டில் விட வேண்டும். வேறு எங்கோ பிரேக் வேலை பார்த்து எடுத்த வண்டி. பெடல் கெட்டியாக நிற்கவில்லை. "அப்படித்தான் இருக்கும், ஓட்ட ஓட்டச் சரியாயிருமுன்னு சொல்லிப்போட்டாங்க" என்றார். அதை நம்பி மலையேறியிருந்தால், இறங்கும்போது என்ன ஆகியிருக்கும்?

பிரேக் ஆயில் போகும் குழாயில் காற்று நின்றிருக்கிறது என்பது இரண்டு பேருக்கும் தெரிந்தது. நீ உள்ளே உட்கார்ந்து மிதித்தாய். நான் கீழே படுத்து, சக்கரத்தைப் பிடித்து நிறுத்துகிற காலிப்பரில், காற்றை வெளியே விடும் சின்ன நிப்பிளைத் திறந்து திறந்து மூடினேன். ஆயில் வந்தது, காற்று வரவில்லை. பெடல் மட்டும் அப்படியே தொளதொளவென்று இருந்தது. மிதிக்கும்போது ஆயிலைத் தள்ளுகிற மாஸ்டர் சிலிண்டரை மாற்றிப் பார்க்கலாம் என்றாய் நீ. எனக்கு மனம் ஒப்பவில்லை. எழுந்து உட்கார்ந்து காலிப்பரையே பார்த்துக்கொண்டிருந்தேன். அப்போதுதான் கண்ணில் பட்டது. நிப்பிள் கீழ்ப்பக்கமாக இருந்தது. மேலே இருக்க வேண்டியது அது. முன்பு வேலை பார்த்தவர்கள் இடது காலிப்பரை வலதிலும் வலதை இடதிலும் மாட்டியிருந்தார்கள். காற்று மேலே போய் ஒதுங்கிக்கொள்ள, நாம் கீழே வாசலைத் திறந்து வைத்துக்கொண்டு காத்திருந்தோம்.

இரண்டையும் கழற்றிப் பக்கம் மாற்றினோம். நீ மிதித்தாய். கொப்புளம் கொப்புளமாகக் காற்று வந்தது. "நின்னுருச்சுடா மாப்ள, கல்லு மாதிரி நின்னுருச்சு!" என்று நீ உள்ளிருந்து கத்தினாய்.

மில்காரர் ஒரு சுற்று ஓட்டிவிட்டு வந்து உன் இரண்டு கையையும் பிடித்துக்கொண்டார். "நீங்க இல்லீன்னா என்ற புள்ளைய மலையில தொலைச்சிருப்பேனுங்க" என்றார்.

"ஐயோ, நானில்லீங்க. இவன்தானுங்க கண்டுபுடிச்சான்" என்று நீ என்னைக் காட்டினாய்.

அவர் என்னை ஒருமுறை பார்த்தார். பிறகு உன்னிடம் திரும்பி, "உங்களுக்குப் பெரிய மனசுங்க" என்றார்.

நீ பொய் சொல்லியிருந்தால்கூட எனக்கு மனம் ஆறியிருக்கும். உன்மேல் கோபப்பட ஒரு காரணம் கிடைத்திருக்கும். நீ உண்மையைச் சொன்னாய். அதற்கும் சேர்த்து உனக்குத்தான் பெயர் வந்தது. அந்தக் குழந்தையின் காதுகுத்துக்கு உனக்குப் பத்திரிகை வந்தது. என்னையும் இழுத்துக்கொண்டு போனாய். அங்கேயும் பந்தியில் எல்லார் முன்னும் அதையே சொன்னாய். எல்லாரும் உன்னைப் பார்த்துச் சிரித்தார்கள். திரும்பி வரும் வழியில், "இனி எவங்கிட்டயும் என் பேரைச் சொல்லாத" என்று கத்திவிட்டேன். நீ வண்டியை ஓட்டிக்கொண்டே, "நடந்ததைத்தானடா சொன்னேன்" என்றாய்.

உன் எழவுக்கு அந்த மில்காரர் வந்திருந்தார். தலையிலடித்துக்கொண்டு அழுதார். வாசலில் நின்ற என்னிடம், "நீங்க அவருக்கு என்ன வேணுமுங்க?" என்று கேட்டார்.

இன்றைய வண்டிக்கு வருகிறேன். பெடலை மிதிக்க ஆள் இல்லை. தயங்கித்தான் டீச்சரம்மாவைக் கேட்டேன். அவர் கண்ணைத் துடைத்துக்கொண்டு ஏறி உட்கார்ந்தார். "மிதிங்க", "விடுங்க" என்று கீழிருந்து சொல்லிக்கொண்டு, ஒவ்வொரு சக்கரத்துக்கும் ஆயில் கொண்டுபோகிற ரப்பர் ஓஸைக் கையால் பிடித்துப் பார்த்தேன். முன்பக்கத்து ஓஸ் ஒன்று, அவர் மிதிக்கும்போதெல்லாம் என் உள்ளங்கையில் பலூன்போல் உப்பியது. அழுத்தமெல்லாம் அங்கேயே தீர்ந்துவிட்டால் சக்கரத்துக்கு என்ன போகும்? அதையும் அதற்கு ஜோடியான மறுபக்கத்து ஓஸையும் மாற்றி, காற்றெடுத்தோம். பெடல் நின்றது.

"எனக்கு உங்களத் தெரியுமுங்க" என்றார் அவர், கீழே இறங்கும்போது. நான் நிமிர்ந்து பார்த்தேன்.

"அவரு சொல்லுவாருங்க. 'நான் பேசறவன்தானுங்க. உள்ளுக்குள்ள ஒருத்தன் படுத்திருக்கான் பாருங்க, அவன் பாத்துச் சரின்னாத்தான் நான் வண்டிய வெளிய உடுவேன்'னு. வர்றப்பெல்லாம் இதச் சொல்லாம இருந்ததில்லீங்க."

சொல்லாதே என்று நான் கத்திய பிறகும் சொல்லியிருக்கிறாய். என் முதுகுக்குப் பின்னால், எத்தனை பேரிடமோ.

அவர் போன பிறகு வெகுநேரம் வெறும் தரையில் உட்கார்ந்திருந்தேன். அழுகை வந்தது. கூடவே அந்தப் பழைய எரிச்சலும் வந்ததுடா, மறைக்கவில்லை. இத்தனை வருடத்தில் என்னைப் பற்றி யாராவது சொன்ன ஒரே நல்ல வார்த்தையும் உன் வாயிலிருந்துதான் வந்தது. அதையும் நீதான் என்னைவிட நன்றாகச் சொல்லியிருக்கிறாய்.