ஜன்னலில் வைத்த கேசட்

12 ஜனவரி 1986, பென்னாகரம்

ரியாத்திலிருந்து இவருடைய கேசட் வந்து ஒரு வாரமாகிறது. மாமியார் இன்றும் டேப்ரிகார்டரை ஜன்னலில் வைத்துத்தான் போட்டார். எதிரே மாதுவின் டீக்கடையில் உட்கார்ந்தவனெல்லாம் என் புருஷன் குரலைக் கேட்டுக்கொண்டே வடை தின்கிறான். தையற்கடையில் இஸ்திரிப்பெட்டி காலைச் சுட்டது, மாமியார் கொடுத்தனுப்பிய கத்திரிக்காய் ஊறுகாயை ஒருத்தருக்கும் கொடுக்காமல் தின்று தீர்த்தது, கடைசியில் எனக்கென்று குரலைத் தாழ்த்திச் சொன்னது — எல்லாம் தெருவுக்கு. ஜன்னலில் வைக்க வேண்டாமே, சத்தத்தைக் குறைக்கலாமே என்றேன். மகன் சவுதியில் இருப்பது நாலு பேருக்குத் தெரியட்டுமே என்கிறார். குழாயடியில் என்னிடம், "கால் புண்ணு ஆறிடுச்சாங்க?" என்று விசாரிக்கிறார்கள். சீ.

அந்த ஊறுகாய்க் கதை பொய். கத்திரிக்காய் வாசனையே இவருக்குக் குமட்டும். நான் இந்த வீட்டுக்கு வந்த நாளிலிருந்து மாமியார் அந்தப் பக்கம் திரும்பினால் போதும், அது என் தட்டுக்கு வந்துவிடும். அம்மா மனசு நோகக்கூடாதாம்.

16 ஜனவரி

ஹயாத் பாஷா என்று ஒருவர் வந்தார். இவரோடு ஒரே ரூமாம், லீவில் வந்திருக்கிறாராம். இஸ்திரிப்பெட்டி, கால் புண் எல்லாம் சொன்னார். மாமியார் அழுதேவிட்டார். பிரியாணி போட்டோம், இரண்டு தட்டு சாப்பிட்டார். கத்திரிக்காயை வைத்தபோது, "அண்ணன் அந்த ஊறுகாயை எங்க கண்ணுலயே காட்டலைங்க" என்று சிரித்தார்.

எனக்குச் சுருக்கென்றது. அங்கே போய் மாறிவிட்டாரோ? சாப்பிடுகிறவரிடம் என்னவென்று கேட்பது.

கைகழுவிய பிறகுதான் விஷயத்துக்கு வந்தார். கடைப் பணத்தில் குறை வந்து முதலாளி இவர் மேல் பழி போட்டுவிட்டாராம். உடனே கட்டாவிட்டால் ஜெயிலாம். போன் பண்ணினால் காரியம் கெட்டுவிடும், வெளியே சொன்னால் மானம் போகும், நாளைக்கே தான் ரியாத் திரும்புவதால் கொண்டுபோய்க் கட்டிவிடுகிறாராம். மாமியார் வளையல்களைக் கழற்றினார். நான் சங்கிலியைக் கழற்றினேன்.

17 ஜனவரி

கை கழுத்துக்கே போகிறது.

20 ஜனவரி

மனசு கேட்கவில்லை. தபாலாபீஸில் இவருடைய கடைக்கு டிரங்க்கால் போட்டுக் காத்திருந்தேன். இவரே எடுத்தார். குரல் கிணற்றிலிருந்து வந்தது.

"நான் நல்லாத்தான் இருக்கேன். யாரு ஹயாத் பாஷா?"

21 ஜனவரி

போலீஸில் சொல்லியாயிற்று. மாது தயங்கித் தயங்கி வந்தான். அந்த ஆள் நம் வீட்டுக்கு வருவதற்கு முன் மூன்று நாள் அவன் கடையில்தான் உட்கார்ந்திருந்தானாம். "நம்ம வூட்டு கேசட்டைத்தாங்க கேட்டுட்டு இருந்தாரு. பாட்டு கேக்கற மாதிரி."

கேசட்டை மறுபடி போட்டுப் பார்த்தேன். அந்தப் பணக் கதையைத் தவிர அவன் சொன்னது அத்தனையும் அதில் இருக்கிறது. இவரைப் பற்றி வேறு ஒன்றைக்கூட அவன் சொல்லவில்லை. எனக்கென்று இவர் மெல்லச் சொன்னதையும் அந்த நாய் கேட்டிருக்கும் என்று நினைத்தால் உடம்பெல்லாம் கூசுகிறது. அவன் சாப்பிட்ட தட்டைச் சாம்பல் போட்டுத் தேய்த்தேன். போகவில்லை. என்ன போகவில்லை? தெரியவில்லை. தூக்கிக் குப்பையில் எறிந்தேன்.

2 பிப்ரவரி

இன்று கத்திவிட்டேன். ஜன்னலில் வைக்காதீங்கன்னு எத்தனை தடவை சொன்னேன், கேட்டீங்களா என்று. அந்த ஆத்திரத்தில் கத்திரிக்காய் விஷயமும் வாயிலிருந்து வந்துவிட்டது. அது உங்க மகனுக்கு ஆகவே ஆகாது மாமி, வந்தவன் பொய் சொல்றான்னு அன்னைக்கே எனக்குப் பட்டுச்சு.

மாமியார் மெல்லக் கேட்டார்: "பட்டுச்சுல்ல? அப்புறம் ஏம்மா நீ கேக்கல?"

என்ன சொல்வேன்? வீட்டுக்கு வந்தவரைச் சந்தேகப்படுவது மரியாதை இல்லை என்றா? மண்ணாங்கட்டி மரியாதை. ஜன்னலில் வைத்தது அவர். தெரிந்தும் வாயை மூடிக்கொண்டு கழற்றிக் கொடுத்தது நான். என்னை நினைத்தால் எனக்கே அருவருப்பாக இருக்கிறது.

9 பிப்ரவரி

ஜன்னலைச் சாத்திவிட்டு இவருக்குப் பதில் கேசட் பேசினோம். இனி யாரை அனுப்பினாலும் கத்திரிக்காய் சங்கதியை அந்த ஆளிடம் மட்டும் சொல்லி அனுப்புங்கள், நாங்கள் கேட்போம் என்றேன். மாமியார் ஊறுகாயைப் பற்றி ஒரு வார்த்தை பேசவில்லை.

அந்த ஹயாத் பாஷா இன்னும் சிக்கவில்லை.

14 செப்டம்பர்

ஏரியூர்க்காரர், பெரியண்ணன் என்று பெயர். ரியாத்திலிருந்து வந்திருப்பதாகச் சொன்னார். கதவைத் திறக்காமல், தாழ்ப்பாளில் கை வைத்தபடி மாமியாரே கேட்டார்: "எம்மவனுக்குக் கத்திரிக்கா பிடிக்குங்களா?"

வெளியே அவர் தொண்டையைக் கனைத்துக்கொண்டார்.

"கிட்டக்கவே சேக்கமாட்டாருங்க. ஊறுகாய நாங்கதான் தின்னோம். உங்ககிட்ட சொல்ல அவருக்குச் சங்கடம்."

மாமியார் தாழ்ப்பாளை எடுத்தார். முகம் வாடித்தான் இருந்தது. புதுக் கேசட்டை வாங்கி அப்படியே என் கையில் கொடுத்தார். போகும்போது அவரிடம் எலுமிச்சை ஊறுகாய் கொடுத்தனுப்பினார்.

நல்ல மனிதர். நாலு வாய்தான் சாப்பிட்டார், எதுவும் கேட்கவில்லை. நான்தான் கதவோரம் நின்று அவர் கையையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

அவர் போன பிறகு தட்டைக் கழுவினேன். மறுபடியும் சாம்பல் போட்டுத் தேய்த்தேன்.