தொட மாட்டான் என்றீர்கள், அண்ணே

கறுப்புக் கார் எதிரே வந்தால் நின்று பார்த்துவிட்டே நடக்கும் என் முத்தண்ணே,

நீங்கள் எங்களை விட்டுப் போய்ச் சேர்ந்து பத்து மாதம் ஆகிறது. அண்ணி நலம். உங்கள் மகன் குமரன் புந்தோங்கில் சொந்தமாகக் கார்ச் சாயப் பட்டறை போட்டுவிட்டான். மூன்று பேர் வேலை செய்கிறார்கள். நான் பள்ளிக்கூடத்திலிருந்து ஓய்வு பெற்றுவிட்டேன். சனிக்கிழமைகளில் அவன் பட்டறைக்குப் போய் ஒரு நாற்காலியில் உட்கார்ந்துகொள்கிறேன்.

போன சனிக்கிழமை அங்கே ஒரு வேலையாள், சாயம் அடிக்கும் முன் எண்ணெய்ப் பிசுக்குப் போக, கார்க் கதவை ஒரே துணியால் தேய்த்துக்கொண்டிருந்தார். குமரன் சத்தம் போட்டான்: "மச்சான், தின்னர் நனைச்ச துணியில தொடைச்சு, அது காயறதுக்குள்ள காஞ்ச துணியில எடுக்கணும்லா. ஒரே துணின்னா எண்ணெய இங்கேருந்து அங்க பூசுறீங்க, அவ்வளவுதான். எங்கப்பாவே ஒரு தடவ சரியா தொடைக்காம கோட்ட விட்டவரு, டாக்டர் காரு! நீங்க எம்மாத்திரம்?"

எல்லோரும் சிரித்தார்கள். "இல்லயா சித்தப்பா?" என்று என் பக்கம் திரும்பினான். நானும் சிரித்தேன், அண்ணே. அதனால்தான் இந்தக் கடிதம்.

பல வருடங்களுக்கு முந்தைய அந்தச் சனிக்கிழமை உங்களுக்கு மறந்திருக்காது. எனக்குப் பெண் பார்க்கப் பாகான் டத்தோவுக்குப் போக வேண்டும். அப்பா இல்லாத வீட்டில் அவர் இடத்தில் உட்கார வேண்டியவர் நீங்கள். டாக்டர் காரின் முன்மூடி, அந்தப் பானெட் மட்டும் மிச்சம், சாயம் அடித்துவிட்டு வருகிறேன் என்றீர்கள். இந்தக் கார் நன்றாக வந்தால் இனி பெரிய கார்களெல்லாம் உனக்குத்தான் என்று பட்டறை முதலாளி, அந்தச் சீனத் தவுக்கே, சொல்லியிருந்தார்.

நான் எண்ணெய் தேய்த்துக் குளித்து, அது போதாதென்று தேங்காய் எண்ணெயும் வைத்துத் தலையை வாரி, கூட வந்த மாமாவை வாசலில் காத்திருக்கச் சொல்லிவிட்டு, வெள்ளைச் சட்டையில் பட்டறைக்குள் வந்து நின்றேன். நீங்கள் துடைத்து முடித்த பானெட்டில் ஒரு குவளைத் தண்ணீர் ஊற்றிக் காட்டினீர்கள். "பாரு வாத்தியாரே, எண்ணெ இருந்தா தண்ணி முத்து முத்தா நிக்கும். இது பாய் விரிச்ச மாதிரி ஓடுது பாரு." ஈரத்தை எடுத்து மறுபடியும் துடைத்தீர்கள். "இனிமே யாரும் கை வைக்கக்கூடாது" என்று சொல்லிவிட்டுச் சாயம் கலக்கப் பின்னால் போனீர்கள்.

காருக்கு அந்தப் பக்கம் சுவரில் ஒரு கண்ணாடி தொங்கியது. அதில் பார்த்தால் ஒரு முடி படியவில்லை. கையால் அழுத்திப் படிய வைத்தேன். சரியாகத் தெரியவில்லை என்று எட்டிப் பார்க்க, அதே கையைப் பானெட்டில் ஊன்றினேன்.

பதறிப்போய்க் கைக்குட்டையால் துடைத்தேன். அதுவும் என் நெற்றி எண்ணெயைத் துடைத்த கைக்குட்டைதான். குனிந்து பார்த்தேன். ஒன்றும் தெரியவில்லை. தெரியாததை இல்லாதது என்று எடுத்துக்கொண்டேன்.

நீங்கள் அடித்த சாயம் அந்த இடத்தில் மட்டும் ஒட்டாமல் விலகியது. ஓர் உள்ளங்கை அளவுக்குச் சின்னச் சின்னக் குழிகள். மீன் கண் என்பீர்களே, அது.

"சியாப்பா பெகாங்?" யார் தொட்டது என்று தவுக்கே மலாயில் கத்தினார். என்னைத்தான் பார்த்தார். நான் வாயைத் திறப்பதற்குள் நீங்கள் பதில் சொல்லிவிட்டீர்கள்: என் தம்பி வாத்தியார், அவன் தொட மாட்டான், அவசரத்தில் நான்தான் சரியாகத் துடைக்கவில்லை. பிறகு என்னிடம், "நீ மாமாவோட போயிட்டு வாலா. பொண்ணு வீட்டுல காத்துக்கிட்டு இருப்பாங்க. இத தேச்சு எடுத்துட்டு மறுபடி அடிக்கணும்" என்றீர்கள்.

நான் போனேன்.

பெரிய கார் வந்தால் தவுக்கே அதற்குப் பிறகு வேறு ஆளைக் கூப்பிட்டார். அதையாவது தாங்கிக்கொள்ளலாம். நீங்கள் ஒரு முறை துடைக்கும் இடத்தை மூன்று முறை துடைக்க ஆரம்பித்தீர்கள். தின்னரில் விரல் வெடித்து, சோறு பிசைந்தால் எரிகிறது என்று அண்ணியிடம் கரண்டி கேட்டீர்கள். கோலா கங்சாரில் சேர்ந்து பட்டறை போடலாம் என்று நண்பர் ஒருவர் வீடு தேடி வந்தபோது, "வேணாம்லா. அன்னிக்கும் நல்லா தொடைச்சேன்னுதான் நெனச்சேன். என் கைய நானே நம்ப முடியல" என்றீர்கள். பக்கத்தில் உட்கார்ந்து தேநீர் குடித்துக்கொண்டிருந்தேன். அப்போதாவது சொல்லியிருக்கலாம், இல்லையா?

எல்லாம் தெரிந்துதான் என்னைக் காப்பாற்றினீர்கள் என்று அதுவரை எனக்கு நானே சொல்லிக்கொண்டிருந்தேன். அன்றோடு அந்த ஆறுதலும் போயிற்று. நீங்கள் என்னை நிஜமாகவே நம்பியிருந்தீர்கள்.

வகுப்பில் உங்கள் தண்ணீரை எத்தனை முறை உதாரணம் காட்டியிருப்பேன்! கரும்பலகையில் கார் வரைந்து, மறைத்த தப்பு துடைக்காத எண்ணெய் மாதிரி, மேலே எதைப் பூசினாலும் விலக்கிக் காட்டிவிடும் என்பேன். பிள்ளைகள் ஒழுங்காக எழுதிக்கொள்வார்கள். அது யார் கை, சார், என்று ஒரு பிள்ளையும் கேட்டதில்லை.

நேற்று என் மனைவியிடம் சொன்னேன். அன்று பார்த்த பெண்தானே அவள். "அன்னிக்கு உங்க மூஞ்சி செத்துப்போயி இருந்துச்சு. என்னப் புடிக்கலயோன்னு நான் அழுதேன், தெரியுமா?" என்றாள். பிறகு, "குமரன்கிட்ட சொல்லிட்டீங்களா?" என்று கேட்டாள்.

வருகிற சனிக்கிழமை சொல்லிவிடுகிறேன், அண்ணே. அவனைத் தனியாகக் கூப்பிட மாட்டேன். அந்த மூன்று பேரும் சிரித்த இடத்திலேயே, அவர்கள் காதுபடச் சொல்கிறேன்: "உங்கப்பா சரியாத்தான்டா தொடைச்சாரு. கை வச்சது நான்." அவன் கோபப்படட்டும். என் நாற்காலியை எடுத்து உள்ளே போட்டுவிட்டாலும் சரி. அன்று தண்ணீர் பாய் விரித்த மாதிரி ஓடியதைப் பார்த்தவர்களில் நான் ஒருவன்தான் மிச்சம். அதை நான் சொல்லாமல் வேறு யார் சொல்வது?

தொட மாட்டான் என்று நீங்கள் சொன்ன
உங்கள் தம்பி,
வாத்தியார்