கடைசி அறுபது பக்கம்

மார்ச் 4

அன்புள்ள அக்காவுக்கு,

போனில் பேசினால் மூன்றாவது நிமிஷம் நமக்குள் சண்டை வருகிறது. கடிதத்தில் நீ குறுக்கே பேச முடியாது, அதனால் எழுதுகிறேன்.

இதய வால்வு ஆபரேஷனுக்குப் போன நீ, இரண்டாவது தடவையும் வார்டிலிருந்து எழுந்து வீட்டுக்கு வந்துவிட்டாயாமே? "கழுவுற மீன்ல நழுவுற மீனா இருக்கா உங்கக்கா" என்றார் அத்தான். சொல்லும்போது அவர் குரல் சரியாக இல்லை. அடுத்த தேதி இருபத்துமூன்று. அதையும் விட்டால் தான் பொறுப்பில்லை என்று டாக்டர் சொல்லிவிட்டாராம்.

இத்துடன் ஒரு நாவல் அனுப்பியிருக்கிறேன். அட்டை கிடையாது, சிரிக்காதே. ராணுவத்தில் எங்கள் முகாமுக்கு முப்பது பேருக்கு ஒரு புத்தகம்தான் வரும். அறுபது அறுபது பக்கமாக நாலு துண்டு வெட்டி, பூட்ஸ் கயிற்றால் கட்டி வைத்துக்கொள்வோம். ஒருவன் ஒரு துண்டை முடித்ததும் அடுத்தவன் பிடுங்கிக்கொள்வான். கதாநாயகன் என்னைப் போலவே ராணுவத்தை விட்டு வந்தவன். ஆனால் என்னைப் போல ஸ்டோரில் பூட்ஸ் எடுத்துக் கொடுத்தவன் இல்லை, கமாண்டர்.

உனக்கு மூன்று துண்டுதான். நாலாவதை அத்தானுக்குத் தனியாக அனுப்பிவிட்டேன். ஆபரேஷன் முடிந்த பிறகு கொடுப்பார்.

உன்னிடம் அடி வாங்கியே வளர்ந்த
தம்பி

மார்ச் 11

தம்பிக்கு,

முப்பத்தொரு வருஷம் கணக்கு டீச்சராக இருந்தவளுக்கு அனுப்புகிற புத்தகமா இது? மூன்றாம் பக்கத்துக்குள் ஐந்து பேர் காலி. உன் கமாண்டர் ஆறாவது மாடியிலிருந்து குதிக்கிறான், எழுந்து ஓடுகிறான். கணக்குப் போட்டுப் பார்த்தேன். தரையைத் தொடும்போது மணிக்கு அறுபத்தெட்டு கிலோமீட்டர் வேகம்! ஓடுவதாவது, வழித்துத்தான் எடுக்க வேண்டும். ஓரத்தில் சிவப்புப் பேனாவால் எழுதி வைத்திருக்கிறேன். நல்லா காதுல பூ சுத்துறாங்கடா உனக்கு.

அது இருக்கட்டும், அந்த இஞ்சினியர் பெண்ணைச் சுரங்கத்துக்குள் தண்ணீர் ஏற ஏற விட்டுவிட்டு மூன்றாவது துண்டு முடிந்துபோகிறதே, அவள் கதி என்ன? உன் அத்தானைக் கேட்டால், "எனக்கு ஒண்ணும் தெரியாதும்மா" என்று பீரோ சாவியைச் சட்டைப்பையில் போட்டுக்கொள்கிறார்.

நான் ஏன் எழுந்து வந்தேன் என்று நீ கேட்கவில்லை. கேட்காததாலேயே சொல்கிறேன். கையெழுத்துப் போட ஒரு படிவம் கொடுத்தார்கள். நூற்றில் நாலு பேர் பிழைப்பதில்லை என்றாள் நர்ஸ். நிகழ்தகவுப் பாடத்தை எத்தனை வகுப்புக்கு நடத்தியிருப்பேன்! அந்த நாலு பேரும் மனுஷர்கள் என்று ஒரு நாளாவது நினைத்திருப்பேனா? படிவத்தை அப்படியே வைத்துவிட்டு எழுந்து வந்துவிட்டேன்.

பயமா இருக்குடா.

அக்கா

மார்ச் 16

அன்பு அக்கா,

நீ பயம் என்று எழுதியதை இரண்டு தடவை படித்தேன். சின்ன வயதில் குளியலறைக்குள் பாம்பு வந்தபோதுகூட, வாளியைக் கவிழ்த்து மூடிவிட்டு எனக்கு வீட்டுப்பாடம் சொல்லிக்கொடுத்தவள் நீ.

இந்தக் குப்பையை ஏன்டா படிக்கிறாய் என்று எத்தனையோ தடவை கேட்டிருக்கிறாய். நிஜ ராணுவத்தில் யாரும் மாடியிலிருந்து குதிப்பதில்லை. வண்டிக்குக் காத்திருப்போம், சாப்பாட்டுக்குக் காத்திருப்போம், தபாலுக்குக் காத்திருப்போம். என் பக்கத்துக் கட்டில்காரனை நெட்டையன் என்போம். இதே புத்தகத்தில் எனக்கு ஒரு துண்டு முன்னால் போய்க்கொண்டிருந்தான். "முடிவைச் சொல்லட்டுமாடா?" என்று என்னை வெறுப்பேற்றுவான். ஒரு நாள் காலையில் ரோந்துக்குக் கிளம்பினான். அவனுக்குப் பூட்ஸ் எடுத்துக் கொடுத்தது நான்தான். வண்டி கண்ணிவெடியில் ஏறிவிட்டது.

அன்று சாயங்காலம் யாரோ, "இந்தா, நாலாவது துண்டு" என்று என் கையில் வைத்தார்கள். ஒரே மூச்சில் படித்தேன். கமாண்டர் வீட்டுக்குத் திரும்பி வந்து கதவைத் தட்டுகிறான். ஆறு மாடி என்ன, அறுபது மாடியிலிருந்து வேண்டுமானாலும் குதிக்கட்டும், திரும்பி வந்தால் சரி என்று இருந்தது எனக்கு. இதுவரை யாரிடமும் சொன்னதில்லை.

நீயும் போய்விட்டு வா. உன்னைக் கூட்டிப்போக எமனுக்கே துணிச்சல் வராது.

தபாலுக்குக் காத்திருக்கும்
தம்பி

மார்ச் 30

டேய் மடையா,

தலைக்கு வந்தது தலைப்பாகையோடு போயிற்று. எழுத்து கோணலாக இருந்தால் பொறுத்துக்கொள், படுத்துக்கொண்டே எழுதுகிறேன். புதன்கிழமை வீட்டுக்கு அனுப்புகிறார்கள்.

மயக்கம் தெளிந்ததும் நான் முதலில் கேட்டது, "அந்தப் பொண்ணு சுரங்கத்துலேர்ந்து வந்தாளா?" என்றுதானாம். மூளையில் ஏதோ ஆகிவிட்டது என்று டாக்டர் பதறிப்போய், விரலைக் காட்டி எண்ணச் சொன்னார். கணக்கு டீச்சரிடம்! உன் அத்தான் சிரித்துக்கொண்டே அழுதார்.

நேற்று உன் அத்தான் நாலாவது துண்டைக் கொடுத்தார், பொட்டலத்தைப் பிரித்தேன். முட்டாளே, இது வேறு புத்தகம்! மூன்றாவது துண்டு 180இல் முடிகிறது, இது 181இல் தொடங்குகிறது. எல்லாப் புத்தகத்தையும் ஒரே பக்கத்திலா வெட்டித் தொலைத்தீர்கள்? இதிலும் கமாண்டர், இதிலும் துப்பாக்கிச் சத்தம், நாலு பக்கம் வரை எனக்கே தெரியவில்லை. சுரங்கத்துக்குள் எப்படிப் பனி பெய்கிறது என்று யோசித்தபோதுதான் பிடிபட்டது.

கதவைத் தட்டுகிற இடத்தில் நானும் அழுதேன். வெளியே சொல்லாதே.

சரியான துண்டை எடுத்துக்கொண்டு நேரில் வா. மூன்றாவது நிமிஷம் சண்டை வந்தால் வரட்டும்.

பிழைத்துக் கிடக்கும்
அக்கா

ஏப்ரல் 4

அன்பு அக்கா,

அத்தான் போனில் சொன்னபோதுகூட எனக்குப் பாதி நம்பிக்கைதான். நீ மடையா என்று எழுதியதைப் பார்த்த பிறகுதான் மூச்சு வந்தது. நான் காவல் இருக்கும் கிடங்கு வாசலிலேயே உட்கார்ந்து அழுதேன். "யாருக்கு என்னண்ணே ஆச்சு?" என்று லாரிக்காரர் ஓடி வந்தார். "ஒண்ணும் ஆகலப்பா, எங்கக்கா திட்டி எழுதியிருக்கா" என்றேன். மனுஷன் என்னை ஒரு மாதிரி பார்த்துவிட்டுப் போனார்.

துண்டு மாறியிருப்பது நீ சொல்லித்தான் எனக்கே உறைத்தது. இருபத்திரண்டு வருஷமாக அதைத்தான் முடிவு என்று படித்துக்கொண்டிருக்கிறேன். பனி எங்கிருந்து வந்தது என்று ஒரு தடவைகூடக் கேட்டதில்லை. சரியான துண்டு நெட்டையனின் பையில் இருந்தது அக்கா. அவனோடு போய்விட்டது. என் கையில் வேறொரு முடிவை வைத்தவன் யாரென்று இப்போது நினைவில்லை. தெரிந்துதான் வைத்திருப்பான், நல்ல மனசுக்காரன்.

பழைய புத்தகக் கடையில் தேடிப் பார்க்கலாம் என்று கிளம்பினேன். பாதி வழியில் வேண்டாமென்று திரும்பிவிட்டேன். தண்ணீர் ஏறுகிற வேகத்துக்கு அந்தப் பெண் வெளியே வர நேரமிருக்கிறதா என்று நீயே கணக்குப் போடு. விடை எதுவாக வந்தாலும், 180ஆம் பக்கத்துக்குக் கீழே சிவப்புப் பேனாவால் 'வந்துவிட்டாள்' என்று எழுதிவிடு.

வெள்ளிக்கிழமை மத்தியானம் வருகிறேன். கதவைத் தட்டுவேன். அத்தானை அனுப்பாதே, நீயே மெதுவாக நடந்து வந்து திற. எவ்வளவு நேரமானாலும் வாசலிலேயே நிற்கிறேன்.

தம்பி